எதுக்க நின்னு பேசாத அஞ்சு மாசம்

எனக்கு வாய் பெருசு. அடுத்தவுக சொல்றதுக்கு முந்தி நாமளே சொல்லிட்டா பாதிச் சண்டை கொறைஞ்சு போகும்ல, அதான் சொல்லி வச்சிட்டேன். நான் பொறந்தது ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு காட்டூரு. மழை பேஞ்சாத்தான் வெள்ளாம. ஒரு புஞ்சையில நிக்கிறவ அடுத்த புஞ்சையில நிக்கிறவகிட்ட ஒரு வெத்தல கேக்கணும்னாக்கூடக் கூப்பாடு போட்டுத்தான் கேக்கணும். அப்படிக் கத்திக் கத்தி வளந்தவளக் கொண்டாந்து சின்னமனூர்ப் பக்கம் கட்டிக் குடுத்து, புருசன் மொகத்தப் பாத்துப் பேசக்கூடாதுன்னு ஒரு சட்டத்தையும் போட்டாக. அஞ்சு மாசம் அதுக்குக் கட்டுப்பட்டுக் கெடந்தேன். வெள்ளக்காரன் ஆண்டுக்கிட்டிருந்த காலம், செர்மன்காரன் ரெண்டாவது சண்டைக்கு நாலஞ்சு வருசம் முந்தி.

அந்தச் சட்டத்தப் போட்டது மாமியாளும் இல்ல, புருசனும் இல்ல. சனி பகவான். அதாவது, அப்படித்தான் எல்லாரும் நெனச்சாக. எனக்கு மட்டுந்தான் வேற ஒண்ணு தெரியும். அத முதல்ல சொல்லிடுறேன், இல்லாட்டி மத்தது எதுவும் வெளங்காது.

எங்க பக்கம் பொம்பளப்பிள்ள பொறந்த நேரத்த யாரும் குறிச்சு வைக்க மாட்டாக. காட்டு வேலைக்கு நடுவுல பொறந்துச்சு, தொப்புள்கொடிய அறுத்தாக, அம்புட்டுத்தான். பின்னால அவளுக்குச் சாதகம் வேணும்னா, வயசுக்கு வந்த நேரத்த வச்சுத்தான் கணிக்கிறது. ருது சாதகம்னு பேரு. எந்த மாசம், என்ன கிழமை, பொழுது எங்கன நின்னுச்சுன்னு ஆத்தாகாரி மனசுல முடிஞ்சு வச்சிருந்து, கல்யாணப் பேச்சு வரும்போது சோசியர்கிட்டச் சொல்லுவா. அவரு அதுக்குத் தக்கனக் கட்டம் போடுவாரு. ஆனா அந்த நேரத்த ஆத்தாளுக்கு யாரு சொல்லணும்? அந்தப் பிள்ளதான சொல்லணும். நான் பொய் சொல்லிட்டேன்.

சித்திரை கடைசியில வீரபாண்டித் திருவிழா. வருசம் பூரா அதுக்குத்தான் காத்துக் கெடப்போம். வண்டி கட்டிப் போயி ஆத்தங்கரையில தங்கி, ராட்டினம் சுத்தி, அக்கினிச்சட்டி பாத்து, பொரிகடலை வாங்கித் தின்னுட்டு வருவோம். அந்த வருசம் காலம்பற வண்டி பூட்டிக்கிட்டிருக்காக, நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போன எடத்துல எனக்கு வெசயம் தெரிஞ்சு போச்சு. சொன்னா என்ன ஆகும்? என்னைய ஓலைக் குச்சுல உக்கார வச்சிட்டு வண்டி கெளம்பிரும். பெரிய வாய்க்காரி அன்னைக்குப் பாத்து வாய மூடிக்கிட்டேன். திருவிழாவுக்குப் போனேன். கோயிலுக்குள்ள மட்டும் போகல, கால் வலிக்குதுன்னு சொல்லி ஆத்தங்கரை மணல்லயே உக்காந்துட்டேன். ஊருக்குத் திரும்பி வந்து மூணாம் நாள் சாயங்காலம், வெளக்கு வைக்கையிலதான் ஆத்தாகிட்டச் சொன்னேன். இப்பத்தான்னு சொன்னேன். வெளக்கு வச்ச நேரம், லட்சுமி வந்த நேரம்னு அவ பூரிச்சுப் போயி அந்த நேரத்த மனசுல முடிஞ்சுக்கிட்டா.

அதோட நானும் அத மறந்துட்டேன். எங்கய்யா செத்துப்போனாரு, தம்பி தங்கச்சிகளக் கரையேத்துற வேலை என் தலையில விழுந்துச்சு. இருபது வயசு வரைக்கும் எனக்குக் கல்யாணம் ஆகல. அந்தக் காலத்துல இருபது வயசுப் பொண்ணு வீட்டுல இருந்தா ஊரு சும்மா இருக்குமா? எங்க ஆத்தா கோயில் கோயிலாப் போயி அழுதா. அப்பத்தான் சின்னமனூர்ப் பக்கத்துல இருந்து இந்தச் சம்பந்தம் வந்துச்சு. கொஞ்சம் வயலு, ஒரு கெணத்துத் தோட்டம். மாப்பிள்ளைக்கு ஆத்தா மட்டும்தான். தங்கமான பையன், ஆனா பேச்சுக் கம்மின்னு சொன்னாக. எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்துச்சு. எனக்கு அப்படி ஒருத்தருதான் சரின்னு நெனச்சேன்.

பொருத்தம் பாக்கக் குச்சனூருப் பக்கம் ஒரு சோசியர்கிட்டப் போனாக. எங்க ஆத்தா, வெளக்கு வச்ச நேரத்தச் சொன்னா. சோசியரு கட்டத்தப் போட்டுட்டு வெரல மடக்கி எண்ணுனாராம். எட்டாம் எடத்துல சனின்னு சொன்னாராம். எட்டாம் எடம் தாலிக்கு உண்டான எடமாச்சேன்னு எங்க ஆத்தா பதறியிருக்கா. பயப்படாதீக, சனி ஆயுசுக்காரகன், எட்டுல இருந்தா புருசனுக்கு ஆயுசு கெட்டின்னு அவரே தேத்தியிருக்காரு. ஆனா எந்தக் கிரகமும் தனக்கு நேர் எதுக்க இருக்குற ஏழாம் எடத்தப் பாக்கும். எட்டுல நிக்கிற சனிக்கு எதுக்க இருக்குறது சாதகத்துல ரெண்டாம் எடம். அதுதான் வாக்குக்கும் குடும்பத்துக்கும் உண்டான எடம். அதனால இந்தப் பிள்ளையோட பேச்சு மேல சனி கண்ணு நேராக் குத்திட்டு நிக்கிது. அது போதாதுன்னு, இப்ப நடக்குற நடையிலயும் அவரு புருசன் எடத்தப் பத்தாம் பார்வையாப் பாத்துக்கிட்டிருக்காரு. புருசனும் பொண்டாட்டியும் மொகத்துக்கு மொகம் பாத்துப் பேசுனா வார்த்தை தடிக்கும், வீடு ரெண்டாகும்னு சொல்லிட்டாரு. குரு பாக்கலையா சாமி, குரு பார்க்கக் கோடி நன்மைம்பாகளேன்னு வருங்கால மாமியா கேட்டிருக்காக. அவரு இந்தப் பக்கமே திரும்பல தாயின்னாராம்.

எங்க மாமியா அங்கனயே எந்திரிச்சு வந்திருக்கலாம். வரல. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, விருந்தாளி வந்திருக்காகன்னுகூடப் பாக்காம நான் ஒரு கன்னுக்குட்டி பின்னால கத்திக்கிட்டே ஓடுனத அவுக பாத்திருந்தாக. அது அவுகளுக்குப் புடிச்சுப் போச்சாம். இதுக்கு என்ன பரிகாரம்னு கேட்டிருக்காக. சனி நேர் பார்வையா பாக்குறதால நீங்க நேருக்கு நேர் நிக்காம இருந்துக்கோங்கன்னு சோசியரு வழி சொன்னாரு. பேசுறதா இருந்தா ரெண்டு பேரும் ஒரே தெசையப் பாத்துப் பேசணும். சனிக்கிழமை மட்டும் ஒருத்தரோட ஒருத்தரு வாயே தெறக்கக்கூடாது. சனி பெயர்ற வரைக்கும் இப்படி இருந்துட்டா, அப்பறம் ஒரு கொறையும் இல்ல. அவரு பெயர ரெண்டு வருசம் கெடந்துச்சு.

தை மாசம் கல்யாணம் ஆச்சு. மறுநாளே மாமியா என்னைய அடுப்படியில உக்கார வச்சு எல்லாத்தையும் சொன்னாக. மெரட்டல, கெஞ்சுனாக. அவுகளுக்கு ஒரு மூத்த மகன் இருந்தான். அவனுக்கும் பொண்டாட்டிக்கும் தெனம் வாய்த் தகராறு. ஒருநாள் சோத்துத் தட்டுக்கு முன்னால ஒரு வார்த்தை விழுந்துச்சு, அவன் எந்திரிச்சுப் போனவன்தான். போடி மெட்டுக்கு மேல ஏதோ தேயிலைத் தோட்டத்துல இருக்கான்னு சேதி மட்டும் வந்துச்சு. அவன் பொண்டாட்டி பொறந்த வீட்டுக்குப் போயிட்டா. நாலு வருசம் ஆச்சாம். "ஒரு பிள்ளைய வார்த்தைக்குக் குடுத்துட்டேன் ஆத்தா. இவனையும் குடுக்க முடியாது"ன்னு அவுக என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாக. அப்பவே உண்மையச் சொல்லியிருக்கணும். கல்யாணமான மறுநாள், தீட்டோட திருவிழாவுக்குப் போனவ, பொய்ச் சாதகம் குடுத்தவன்னு சொன்னா, அன்னைக்கே வண்டி ஏத்திவிட்டா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன். சரிங்கத்தைன்னு தலைய ஆட்டுனேன்.

அப்பறம் நடந்த கூத்தக் கேளுங்க. நாங்க ரெண்டு பேரும் பேசணும்னா செவுத்தப் பாத்துப் பேசுவோம், இல்லாட்டி மாட்டப் பாத்துப் பேசுவோம். தொழுவுல ஒரு செவலை மாடு நின்னுச்சு. அதுகிட்டப் போயி, ஏ செவலை, ஒன் மொதலாளி காலம்பற இருந்து பட்டினியாக் கெடக்காக, கம்பங்கஞ்சி ஆறுது, வெஞ்சனத்துக்கு வெங்காயம் வச்சிருக்குன்னு சொல்லுவேன். அவுக அந்தப் பக்கம் திரும்பி நின்னு, ஏ செவலை, வாரேன்னு சொல்லுன்னு சொல்லுவாக. பக்கத்து வீட்டுப் பொம்பளைக வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு சிரிச்சுச் சாவாளுக. சனிக்கிழமை வந்தா அதுவும் கெடையாது. நான் பேச வேண்டியத எல்லாம் ஞாயித்துக்கிழமைக்குச் சேத்து வச்சு, அன்னைக்கு விடிஞ்சதும் அந்த மாட்டுகிட்டக் கொட்டிருவேன். பாவம், அந்த மாடு.

ஆனா கமலை எறைக்கிற நாள்ல மட்டும் கதை வேற. வயலுக்கு வாய்க்கால் தண்ணி வந்துரும், தோட்டத்துக்குக் கெணத்துத் தண்ணிதான். கெணத்து மேட்டுல மாட்டப் பூட்டி, வடக்கயித்துல, தண்ணி மொள்ளுற கூனையக் கட்டி உள்ள எறக்கி, மாடு சரிவுல எறங்கும்போது தண்ணி மேல வரும். அவுக வடத்து மேல உக்காந்து சரிவுல எறங்கிப் போவாக, அப்பறம் மாட்டப் பின்னாலயே தள்ளி மேட்டுக்குக் கொண்டாருவாக. நான் கெணத்தடி மிளகாய்ப் பாத்தியில மம்பட்டியோட தண்ணி திருப்புவேன். ரெண்டு பேரும் கெழக்கப் பாத்துத்தான் நிக்கணும், வேலையே அப்படி. சோசியரு சொன்னது தானா அமைஞ்சு போச்சு.

அங்கனதான் நாங்க பேசப் படிச்சோம். மாடு மேட்டுல நிக்கிறப்ப நான் ஒண்ணு கேப்பேன். பதில் வர்றதுக்குள்ள மாடு சரிவுல எறங்கிரும், உருளை கீச்சுக் கீச்சுன்னு கத்தும், ஒண்ணும் கேக்காது. அவுக திரும்பி மேட்டுக்கு வந்தப்பறந்தான் பதில் வரும். மொதல்ல எனக்கு எரிச்சலாத்தான் இருந்துச்சு. கேட்டதுக்கு வெரசாப் பதில் சொல்ல மாட்டாத மனுசன்னு பல்லக் கடிப்பேன். போகப் போகத்தான் தெரிஞ்சுச்சு, அவுகளுக்கு ஒரு வார்த்தை சொல்ல ஒரு சரிவு எறங்கி ஏறுற நேரம் வேணும். நான் குறுக்க விழுந்து பேசாம இருந்தா, வர்ற பதில் நல்லா இருந்துச்சு. அண்ணன் போன அன்னைக்கு மெட்டு அடிவாரம் வரைக்கும் பின்னாலயே போயி, கூப்புட வாய் வராம திரும்பி வந்ததச் சொன்னாக. சின்னப்பிள்ளையில இந்தக் கெணத்துக்குள்ள விழுந்து எந்திரிச்சதுல இருந்து இன்னைக்கும் உள்ள எட்டிப் பாக்கப் பயம்னு சொன்னாக. நானும் எங்கய்யா செத்த கதையச் சொன்னேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் அழாதவ பாத்தியில குனிஞ்சுக்கிட்டே அழுதேன். அவுக மாட்ட மேட்டுலயே நிப்பாட்டிட்டு, நான் அழுது முடிக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் பாத்து நின்னாக. அவுக மேல எனக்கு உசிரே வந்துருச்சு.

ஆனியில மழை வந்துச்சு. நல்ல மழை, தோட்டம் தானாக் குளுந்துருச்சு. மழை வந்தா எந்தக் குடியானவச்சியும் சந்தோசந்தான் படணும். நானும் பட்டேன். கமலை பூட்ட வேண்டியதில்லைன்னா பேச்சும் இல்லைன்னு அப்ப ரெண்டு பேருக்கும் ஒறைக்கல.

அந்த வாரம் எங்க சித்தப்பா சின்னமனூருச் சந்தைக்கு வந்தவரு எம் புருசனப் பாத்து, எங்க ஆத்தா காய்ச்சல்ல படுத்துக் கெடக்குன்னு சொல்லிவிட்டிருக்காரு. இவுக வீட்டுக்கு வந்து எங்கிட்டச் சொல்லல. ஒரு நாள் போச்சு, ரெண்டு நாள் போச்சு, சொல்லல. மூணாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி, ஒங்க ஆத்தாளுக்கு எப்படி இருக்கு, சந்தையில ஒங்க சித்தப்பா சொல்லிக்கிட்டிருந்தாகளேன்னு கேக்குறா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? அன்னைக்குச் சனிக்கிழமைங்கிறது, சட்டம், பரிகாரம், ஒண்ணும் என் கண்ணுக்குத் தெரியல. அவுக சோத்துத் தட்டுக்கு முன்னால உக்காந்திருந்தாக. நேரா எதுக்கப் போயி நின்னேன். ஏன் சொல்லலன்னு கத்துனேன். அவுக தலையத் தூக்கிப் பாத்தாக, வாயத் தெறந்தாக, வார்த்தை வரல. அவுகளுக்கு ஒரு சரிவு எறங்கி ஏறணும்ல. அதுக்கு நான் நேரம் குடுக்கல.

"ஒங்க அண்ணன் மாதிரித்தான நீங்களும். வாய் செத்தவுகளுக்கு எதுக்கு வீடு, வாசல்? நீங்களும் மலையேறிப் போங்க"ன்னு சொல்லிட்டேன்.

அடுப்படியில நின்ன மாமியா கையில இருந்த அகப்பை கீழ விழுந்துச்சு. அவுக மகன் தட்டுல கையக் கழுவிட்டு எந்திரிச்சுப் போனாக. வெளிய மழை. மலைக்கே போயிட்டாகளோன்னு தேடி ஓடுனேன். தொழுவுல போயி மாட்டுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தாக. கமலை பூட்டுற அன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தேன், அதுக்குள்ள மழை புடிச்சுக்கிருச்சுன்னு மறுநாள் அந்தச் செவலைகிட்டச் சொன்னாக. காய்ச்சல் எறங்கிருச்சுன்னு சேதி வந்துருச்சு, அதையும் சேத்துச் சொல்லணும்னு இருந்தாகளாம். எனக்குத் தொழுவுச் செவுத்துல தலைய முட்டிக்கிடலாம் போல இருந்துச்சு.

செவ்வாய்க்கிழமை வானம் வெறிச்சுச்சு. அன்னைக்கு வேணும்னேதான் கமலை பூட்டுனாக, எனக்குத் தெரியும். பேசுறதுக்காகப் பூட்டுனாக. மழையில நனைஞ்சு கெடந்த வடம், மாடு சரிவுல பாதி எறங்கையில அத்துப் போச்சு. வடத்து மேல உக்காந்திருந்தவுக தலைகுப்புற விழுந்து, இடது கை மணிக்கட்டு மொளி பெசகிப் போச்சு. வைத்தியரு மூங்கிப் பத்தை வச்சுக் கட்டுனாரு. ஊரு பூரா ஒரே பேச்சு. அவ நாக்குல சனி, சனிக்கிழமை எதுக்க நின்னு வாயத் தெறந்தா, செவ்வாய்க்கிழமை புருசன் கை போச்சுன்னு பேசுனாக.

மாமியா ஒரு சுடுசொல்லு சொல்லல. சொல்லியிருந்தாத் தேவலாம்னு இருந்துச்சு. என் தலையத் தடவிக்கிட்டே, "ஒம் மேல கோவம் இல்ல ஆத்தா. அவரு பார்வை அப்படி. அவரு நகர்ற வரைக்கும் நீ அங்கன இரு, இவன் இங்கன இருக்கட்டும்"னாக. ஆடிக்குப் புதுப்பொண்ணு ஆத்தா வீட்டுக்குப் போறது வழக்கந்தான. ஒரு வாரம் முன்னக்கூட்டியே போறேன்னு ஊருக்குச் சொல்லிக்கிடலாம். ஆனா ஆடி முடிஞ்சு திரும்பி வர வேணாம். ஒன்றரை வருசத்துக்கும் மேல வர வேணாம். ஆத்தா முடிவெடுத்தா எம் புருசன் மறுத்துப் பேசுறவுக இல்ல. பேச வேண்டிய எடத்துல அவுகளுக்கு எப்பவும் அப்படித்தான்.

ஒன்றரை வருசங்கிறது என்ன, கண்ண மூடித் தெறந்தாப் போயிரும்னு சொன்னாளுக பொம்பளைக. எனக்குத் தெரியும், போகாது. கமலை இல்லாத நாலு நாள்லயே நாங்க என்ன ஆனோம்? ஒன்றரை வருசம் பேச்சில்லாம இருந்தா அந்த மனுசன் திரும்ப ஊமையாயிருவாக. மூத்தவன் பொண்டாட்டி மாதிரி நானும் பொறந்த வீட்டுல நரைச்சுப் போவேன். இன்னொண்ணு அதுக்கு மேல அறுத்துச்சு. எல்லாரும் சனியத் திட்டுறாக. அந்தக் கட்டமே பொய்னு தெரிஞ்சவ நான் ஒருத்தி. சனி அங்கன பாக்கவே இல்லையே. அப்ப அந்த வார்த்தையப் பேசுனது யாரு? நாந்தான். பழிய அவரு தலையில போட்டுட்டு நான் வண்டியில ஏறிப் போறேன்.

ஒத்தக் கையால அவுகதான் வண்டி ஓட்டுனாக. வேற யாரையாவது அனுப்புறேன்னு மாமியா சொன்னதுக்கு, நான் கொண்டுபோயி விடுறேன்னு மட்டும் சொன்னாக. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். ரெண்டு பேரும் மாட்டோட முதுகப் பாத்துக்கிட்டு வாரோம். ஒரே தெசையத்தான் பாத்துக்கிட்டிருக்கோம், பேசலாம், தப்பில்ல. நான் மூட்டை முடிச்சத் திருகிக்கிட்டே வந்தேன். வீரபாண்டி வந்துச்சு. ஆத்தங்கரை மணல் தெரிஞ்சுச்சு. திருவிழா முடிஞ்சு எம்புட்டோ நாளாச்சு, ராட்டினம் நட்ட குழி மட்டும் மழைத் தண்ணியோட கெடந்துச்சு. அன்னைக்குக் கால் வலிக்குதுன்னு நான் உக்காந்த எடம் அதுதான்.

அங்கன வச்சு என் மனசு ஒடைஞ்சு போச்சு. மாட்டப் பாத்துக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். மாட்டுக்குத் தண்ணி காட்டுன காலம்பற நேரம், வாய மூடிக்கிட்டு வண்டி ஏறுனது, வெளக்கு வச்ச நேரத்துல சொன்ன பொய், அத வச்சுப் போட்ட கட்டம். ஒங்க ஆத்தா பாத்த பொருத்தம் எனக்குப் பாத்ததே இல்ல, எந்த நேரத்துக்கோ பாத்ததுன்னு சொன்னேன். இனிமே என்னைய ஆண்டிபட்டியில விட்டுட்டு வேற பொண்ணு பாக்குறதா இருந்தாலும் ஒங்க இஷ்டம்னு சொன்னேன். சொல்லையில உள்ளுக்குள்ள செத்துக்கிட்டிருந்தேன்.

அவுக வண்டிய நிப்பாட்டுனாக. எறங்கி, மாட்ட அவுத்து, ஆத்துல தண்ணி காட்டுனாக. ஒத்தக் கையில ரெண்டு கயித்தையும் புடிச்சுக்கிட்டு மாடு குடிச்சு முடிக்கிற வரைக்கும் ஆத்தையே பாத்துக்கிட்டு நின்னாக. நான் குறுக்க பேசல. அன்னைக்கு ஒரு நாளாவது எனக்குப் புத்தி இருந்துச்சு. மாட்டக் கொண்டாந்து கட்டிட்டு வண்டிகிட்ட வந்தாக.

"எறங்கு. எதுக்க வந்து நில்லு. இப்பச் சொல்லு"ன்னாக.

எறங்கி நின்னேன். அவுக கண்ணு என்ன நெறம்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும், சத்தியமா. புருவத்துல ஒரு தழும்பு இருந்துச்சு, கெணத்துல விழுந்தப்ப பட்டதாம். வாய்க்காரி எனக்கு ஒரு வார்த்தை வரல. அவுக காத்துக்கிட்டிருந்தாக. ஒரு சரிவு எறங்கி ஏறுற நேரம், ரெண்டு சரிவு நேரம், காத்துக்கிட்டே இருந்தாக. அப்பறந்தான் சொன்னேன். பொய்ச் சாதகத்தப் பத்தி இல்ல. ஒங்க அண்ணனச் சொன்னது என் வாய்தான், வேற யாரும் இல்லன்னு சொன்னேன்.

அவுக மூஞ்சி மெல்ல மாறுச்சு. சிரிப்பா அழுகையான்னு எனக்குப் புரியல. "அப்ப இம்புட்டு நாளும் அந்த மனுசன் யாரப் பாத்துக்கிட்டிருந்தாரு?"ன்னு கேட்டாக. சனியத்தான் கேட்டாக. சிரிச்சுப்புட்டேன். அவுகளும் சிரிச்சாக. சந்தையில இருந்து வந்த அன்னைக்கே வீட்டுல வந்து சொல்லியிருக்கணும், கமலைக்குக் காத்துக் கெடந்தது என் தப்புன்னு அவுகளும் என் மொகத்தப் பாத்துச் சொன்னாக. நெசமான நேரத்தச் சொல்லி வேற கட்டம் போடுவமான்னு நான் கேட்டதுக்கு, வேணாம், அதுலயும் யாராவது ஒருத்தரு நம்மளப் பாத்துக்கிட்டுத்தான் நிப்பாருன்னாக. மாட்டப் பூட்டி வண்டிய வந்த வழியிலயே திருப்புனாக. கை வலிக்கும், கயித்த எங்கிட்டக் குடுங்கன்னேன். குடுத்தாக. பொம்பள வண்டி ஓட்டுறாளேன்னு ரோட்டுல போறவுக பூரா திரும்பிப் பாத்தாக. பாத்தாப் பாத்துட்டுப் போகட்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிடுறேன்னு அவுக சொன்னாக. வேணாம், என் பொய், நான்தான் சொல்லணும்னேன். அவுகளையும் பக்கத்துல நிக்கச் சொல்லிட்டு, மாமியாளுக்கு எதுக்க உக்காந்து ஒண்ணு விடாமச் சொன்னேன். தீட்டோட திருவிழாவுக்குப் போனதச் சொல்லையில மாமியா கண்ண மூடிக்கிட்டாக. எந்திரிச்சுப் போயி என் மூட்டையத் தூக்கி வெளிய வைப்பாகன்னு நெனச்சேன்.

மாமியா கண்ணத் தெறந்தாக. "மூத்தவனுக்குப் பாத்தது நெசச் சாதகம். பத்துக்குப் பத்துப் பொருத்தம். அப்படியும் போயிட்டான்"னாக. அவன் பொண்டாட்டிகிட்டப் பேச வரும்போதெல்லாம் நாந்தான் நடுவுல பூந்து பேசுனேன்னு தனக்குத்தானே சொல்ற மாதிரிச் சொன்னாக. அப்பறம் மொகத்தத் தொடைச்சுக்கிட்டு என்னைய நிமிந்து பாத்தாக. "கோயில் படி ஏறலைல்ல, அந்தமட்டுக்கும் புத்தி இருந்துச்சே. ஊருல ஒரு ஈ காக்காய்க்கும் தெரியக்கூடாது. சனிக்கிழமை மூணு பேரும் குச்சனூரு போறோம். பாவம், அந்த மனுசன அஞ்சு மாசமா வீணா வஞ்சிருக்கோம்"னாக.

குச்சனூருல சனி பகவானுக்கு நேர் எதுக்க யாரும் நிக்க மாட்டாக. அவரு பார்வை மேல விழுந்துரும்னு எல்லாரும் கொஞ்சம் ஒதுங்கி, ஓரமா நின்னுதான் கும்புடுவாக. மாமியா எள்ளு வெளக்கப் போட்டுட்டு, ஒரு தூணோரமா ஒதுங்குனாக. நான் ஒதுங்கல. நேரா எதுக்கப் போயி நின்னேன். ஏய் ஏய்னு பின்னால யாரோ கூப்புட்டாக, எங்க மாமியாளாத்தான் இருக்கும். மஞ்சக் காப்புக்குள்ள இருந்தவரை நேராப் பாத்து, சத்தமாவே சொன்னேன்.

"நீங்க பாக்கல. நானாத்தான் பேசுனேன்."

பக்கத்துல ஆள் வந்து நிக்கிற மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பாத்தா அவுக, கையில கட்டோட, எனக்குத் தோளோட தோளா அவரு எதுக்க நின்னுக்கிட்டிருந்தாக.